பாரமும் பரணும்

சுமையைச் சுமப்பது ஒரு கலை. அதனை இருத்தற்குரிய இடத்தில் இருத்துவது அதனினும் அரியதொரு கலை. பண்டைத் தமிழர் இதனை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு உமணர் வண்டியே சான்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அவ்வண்டியை உறுப்புறுப்பாக நமக்குக் காட்டுகின்றார். உப்பு விற்கச் செல்லும் குடும்பத்தின் இல்லம் அதுவே. கோழி துயிலும் கூட்டிற்கு ஓரிடம். தொங்கும் உரலுக்கு ஓரிடம். கயிற்றாற் பிணித்த காடிக்கலத்துக்கு ஓரிடம். புறநானூற்றின் 102ஆம் பாட்டிலோ, வழியில் அச்சு முறியின் உதவுமாறு உமணர் கொண்டு செல்லும் சேம அச்சினை ஒளவையார் குறிக்கின்றார். அது கட்டப்பட்டிருப்பது வண்டியின் அடிமரத்தில். பாரமானது கீழே கிடத்தல் வண்டிக்கு நலம் என்பதை அவர்கள் வழிநடையிலேயே கற்றிருத்தல் கூடும்.

மாட்டுவண்டிக்கு முளைக்குச்சியும் கூடும் எவ்வாறோ, அவ்வாறே இக்காலத்துப் பிக்கப் வண்டிக்கு அதன் பின்தட்டின்மேற் பொருத்தும் இரும்புச் சட்டகம். பட்டறையில் இதனை 'ராக்' என்பர். கால்களின்மேல் உயர்ந்து நிற்கும் மேடையைப் பரண் என்பது நம் வழக்காதலின், நான் இதனைப் பரண் என்றே வழங்குவேன். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வாய்ப்புடையதாயின் அது ஏற்றிறக்குப் பரண்.

என்னிடம் இலக்கணம் பயின்ற ஒருவர் இன்று வெள்ளவத்தையிற் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வைத்துப் பிழைக்கின்றார். வார நாட்களிற் பேலியகொடைச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றுவார்; வார இறுதியிற் கலியாண வீட்டுக்கும் இழவு வீட்டுக்கும் பந்தற் குழாய்களை ஏற்றுவார். காய்கறிக்குத் தாழ்ந்த பரணும் அதன்மேல் ஒரு படங்கும் போதும். நீண்ட குழாய்களுக்கோ முன்கூண்டின் கூரைக்கு மேலே எழுந்த பரண் வேண்டும். இரவில் வண்டி தங்குவதோ அடுக்குமாடி வீடொன்றின் தாழ்ந்த கூரையின் கீழ்; ஆங்கே உயர்ந்த பரண் நுழையாது. வேறொரு வண்டி வாங்கலாமே எனின், 2020ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய ஐந்தாண்டு வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையாற் பழைய வண்டியும் எட்டாத விலைக்கு ஏறிற்று. ஆகவே ஒரு வண்டியை இரு வண்டியாக்க எண்ணிக் கொட்டாஞ்சேனைப் பட்டறை ஒன்றுக்குச் சென்றார். கணக்குப் பார்க்க என்னையும் உடன் அழைத்தார்.

பரணின் அமைப்பு எளிது. பின்தட்டின் இரு பக்கச் சுவர்களின்மேல் நான்கு சதுரக் குழாய்கள் நிறுத்தப்படும். அவற்றினுள்ளே சற்று ஒடுங்கிய நான்கு குழாய்கள் ஏறியிறங்கும். இரண்டிலும் ஒரே இடைவெளியில் துளைகள் உண்டு. வேண்டிய துளையில் முளையைச் செருகித் திருகாணியால் இறுக்கினால் உயரம் நிலைபெறும். மேலே குறுக்குச் சட்டங்கள் வரும். இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. நான்கு காலும் ஒரே துளையில் நிற்றல் வேண்டும். எவ்வளவு உயர்த்தினும் உட்குழாயின் போதிய பகுதி வெளிக்குழாயினுள்ளேயே இருத்தல் வேண்டும். கால்களுக்கிடையே சாய்வுத் தாங்கி வேண்டும். அஃதின்றேல் தடுப்பை மிதிக்கும்போதெல்லாம் பரண் முன்னோக்கிச் சாயும்.

வேலை முடியும் வேளையில் மாணாக்கர் தம் மனத்திலிருந்ததைச் சொன்னார்.

"சேர், பரணை உயர்த்திவிட்டால் குழாய் மேலே போய்விடும். வேலைப் பொடியள் நாலு பேர் கீழே தட்டில் இருந்து வரலாம். பஸ் காசு மிச்சம்."

"தம்பி, குழாய்க் கட்டு எவ்வளவு நிறை?"

"முந்நூறு கிலோ வரும்."

"அந்த முந்நூறு கிலோவையும் நான்கு தலைகளின்மேல் நான்கு முளைகளை நம்பித் தொங்கவிடப் போகின்றீர்."

அவர் பேசவில்லை. நான் கணக்கை எடுத்துரைத்தேன். வண்டி ஏற்றத்தக்க நிறை ஆயிரம் கிலோ என்று கொள்வோம். ஓட்டுநரும் துணையாளும் நூற்று நாற்பது; பரணின் இரும்பு அறுபது. எஞ்சுவது எண்ணூறு. பரண் பூட்டியதால் வண்டியின் வலிமை ஒரு கிலோவும் கூடவில்லை. அறுபது கிலோ குறைந்ததே மிச்சம். மயிற்பீலியேயாயினும் அளவு மிஞ்ச ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது இக்கணக்கையன்றோ?

அன்றியும், பின்தட்டு ஆயிரம் கிலோவைத் தாங்கும் என்பதனாற் பரணும் அதனைத் தாங்கும் என்பதில்லை. பரணுக்கு அளவு வேறு. அதிலும் வண்டி நிற்கும்போது தாங்குவது ஒன்று. ஓடும்போது தாங்குவது மற்றொன்று. சில்லு குழியில் விழுந்தெழும் கணத்தில் நூறு கிலோச் சுமை இருநூறு கிலோவைப்போல் அழுத்தலாம். வளைவிற் சுமையைப் புறத்தே தள்ளும் விசை உயரத்தாற் கூடுவதில்லை; அவ்விசை வண்டியைக் கவிழ்க்கும் ஆற்றலே உயரத்தோடு கூடுகின்றது. உயரம் இருமடங்காயின் வண்டியைக் கவிழ்க்க முயலும் ஆற்றலும் இருமடங்காகும். சில்லுகளுக்கிடையிலுள்ள அகலமோ அணுவளவும் மாறாது. ஆதலால், சுமை அனுமதிக்கும் மிகத் தாழ்ந்த துளையே அச்சுமைக்குரிய துளை. ஒழுங்கைகளின் குறுக்கே தொங்கும் மின்கம்பிகளும் இதனையே கற்பிக்கின்றன.

வெள்ளவத்தை கடலோர ஊராதலின் உப்புக் காற்றையும் எண்ணுதல் வேண்டும். இரும்பும் அலுமினியமும் தொட்டு நிற்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியம் விரைந்து அரிக்கும். இடையே இரப்பர்த் தகடு வைத்தல் நன்று. துளையிட்ட இடத்திலெல்லாம் துருத்தடுப்பு வண்ணம் பூசுதல் வேண்டும். முதல் நாள் ஓட்டத்தின் பின்னர்த் திருகாணிகளை மீண்டும் இறுக்குதல் வேண்டும். புதிய பொருத்து அசைந்து அமர்ந்த பின்னரே அதன் தளர்வு தெரியும். பதிவிற் கண்ட வடிவத்தை மாற்றும் வேலையாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்னரே கேட்டறிதல் கடன்.

மாணாக்கர் இப்போது குழாய்களைப் பரணின் நடுத்துளை உயரத்தில் ஏற்றுகின்றார். தட்டில் ஒருவரையும் இருத்துவதில்லை. அந்நால்வரும் பஸ்ஸில் வருகின்றனர். அச்செலவு அவர்க்குச் சிறிதன்று. ஒரு பந்தலுக்கு அவர் கையில் மிஞ்சுவதில் அது கண்ணுக்குத் தெரியும் பங்கு. அவர் அதனை என்னிடம் மறைக்கவுமில்லை. ஆயினும் அப்பணத்தை இழப்பென்று எழுத என் கை எழவில்லை. பொருளுக்கு உரிய இடம் பரண். ஆளுக்கு உரிய இடம் இருக்கை. இவ்விரண்டையும் மாற்றி வைத்து மிச்சம் பிடிப்பவர், அம்மிச்சத்தைப் பிறர் உயிரின் பெயரிலேயே கடன் வாங்குகின்றார். அக்கடன் கேட்கப்படும் நாள் எதுவென்று எவர்க்கும் தெரியாது.