கடைசிக் காற்புள்ளி

கணக்கு சரியாக இருந்தும் பூச்சியம் வாங்கலாம் என்பதை விடுமுறையில் போன ஜாவா வகுப்பில்தான் அறிந்தேன். பயிற்சி சின்னது. ஐந்து பரீட்சைப் புள்ளிகளை ஓர் அணியில் இட வேண்டும். அவற்றை ஒரே வரியில், இடையில் காற்புள்ளியும் இடைவெளியும் விட்டு அச்சிட வேண்டும். அடுத்த வரியில் சராசரி, இரண்டு தசமதானங்களில். திருத்துவது மனிதரல்ல, கணினி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். அன்றிரவு பன்னிரண்டு மணிதான் கடைசி நேரம். கட்டணத்தை வாப்பா இரண்டு தவணையில் கட்டியிருந்தார்.

என் எண்கள் 72, 8, 100, 65, 49. முதலில் அணியின் பெயரையே அச்சிடச் சொன்னேன். திரையில் ஓர் இடது சதுர அடைப்பு, ஐ என்ற ஆங்கில எழுத்து, அட் குறி, பின்னால் எண்ணும் எழுத்தும் கலந்த ஏதோ ஒன்று. கணினிக்குப் பழுது என்று பயந்துவிட்டேன். பழுதில்லை. அடைப்பு ‘இது அணி’ என்கிறது. ஐ ‘உள்ளே முழு எண்கள்’ என்கிறது. மீதி அந்த அணிக்கு ஜாவா கொடுத்த ஓர் அடையாள எண், பதினறும முறையில். பெட்டியைத் திறக்காமல் மேலே ஒட்டிய சீட்டை வாசித்திருக்கிறேன்! உள்ளே இருப்பதை ஃபோர் லூப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அரேஸ்.டுஸ்ட்ரிங் என்ற குறுக்குவழியும் உண்டு. ஆனால் அது இரு பக்கமும் சதுர அடைப்பைச் சேர்த்துவிடும். கேள்வி அதைக் கேட்கவில்லை.

லூப்புக்குள் பிரின்ட்எல்என் எழுதினேன். ஒவ்வோர் எண்ணும் தனி வரியில் இறங்கியது. எல்என் வந்தால் வரி முடிந்துவிடும். அதை நீக்கி வெறும் பிரின்ட் ஆக்கி, எண்ணுக்குப் பின் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்தேன். ஒரே வரி வந்தது. ஆனால் 49க்குப் பிறகும் ஒரு காற்புள்ளி தொங்கியது. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அனுப்பினேன். பூச்சியம்.

“என்ன மகள், ஒரு கொமாவுக்கா அழுற?” என்று உம்மா கேட்டார். மாப் பிசைந்த கையை என் முன்னால் விரித்தார். “விரல் அஞ்சு. இடைவெளி எத்தன?”

நான்கு.

உம்மாவுக்கு ஜாவா தெரியாது, ஆனால் பிழை அங்கேதான் இருந்தது. நான் எண்ணுக்கொரு காற்புள்ளி போட்டிருந்தேன். அது எண்களுக்கு நடுவில் மட்டும் வர வேண்டியது. எனவே காற்புள்ளியை எண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து, ஓர் இஃப் நிபந்தனை வைத்தேன்: சுட்டி 0ஐ விடப் பெரிதானால் மட்டும் காற்புள்ளி. அணியின் சுட்டி 0இல் தொடங்குவதால் முதல் எண்ணுக்கு முன் ஒன்றும் வராது. எண்கள் ஐந்தானாலும் ஐம்பதானாலும் இது பொருந்தும். லூப் முடிந்ததும் ஒரு வெற்று பிரின்ட்எல்என் வேண்டும். இல்லாவிட்டால் சராசரி 49இன் வாலில் ஒட்டிக்கொள்ளும்.

சராசரியிலும் ஒரு பொறி. கூட்டுத்தொகை 294. அதை 5ஆல் வகுத்தால் ஜாவா 58 என்றது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமத்தை வெட்டிவிடும். 5.0ஆல் வகுத்தபோது 58.8 வந்தது. கேட்டது 58.80. பிரின்ட்எஃப் கட்டளையில் சதவீதக் குறி, புள்ளி, 2, எஃப் என்று வரிசையாக எழுத அதுவும் சரியானது.

பதினொன்றே முக்காலுக்கு மீண்டும் அனுப்பினேன். திரை பச்சையானது. உம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

“என்ட விரலுக்கும் புள்ளி தந்தாங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.