உங்களுக்குத் தெரியுமா? சிப்பி போல இருக்கும், சிப்பி அல்ல!

ஹைதராபாத் வீட்டுத் தரையில் பதிக்கும் தாண்டூர் கல், ஷாபாத் கல், சமையல் மேடைக்குப் போடும் கடப்பா கல் எல்லாமே சுண்ணாம்புக்கற்கள்தாம். ஆனாலும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவற்றில் ஓர் ஓடுகூடத் தென்படாது. ஓட்டுயிர்கள் பெருகுவதற்கு முன்பே கடலடியில் படிந்தவை அவை.  

ஓடுகள் பெருகியது கேம்பிரியன் காலத்தில், ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது முன்வரிசையில் நின்றவை, சிப்பி போலவே இரண்டு ஓடுகள் கொண்ட பிராக்கியோபாடுகள் என்ற கடலுயிர்கள். சிப்பிக்கு வலது ஓடு, இடது ஓடு. இவற்றுக்கோ மேலோடு, கீழோடு. இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்காது.

ஓடு கட்டுவதில் இவை இரு கட்சி. பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட்டை எடுத்துக்கொண்டன. லிங்குலா என்ற பிராக்கியோபாடின் கிளைக்குக் கால்சியம் பாஸ்பேட். நம் எலும்பில் உள்ள அதே வகைக் கனிமம். ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. கடப்பா மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த இடம் அரித்து வெளுத்துப்போகும் அல்லவா? அதே வேதியியல்தான். சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறப்போட்டால் கல் கரையும், பாஸ்பேட் ஓடு மிஞ்சும். மிஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தால் ஓட்டின் அடுக்குகளைக்கூடப் பார்க்கலாம்.

இந்த இரட்டை ஓடு எப்படி வந்தது? தெற்கு ஆஸ்திரேலியாவில் கிடைத்த எக்சென்ட்ரோதீகா என்ற புதைபடிவ உயிரியின் கூடு, பாஸ்பேட் தகடுகள் பல சேர்ந்த ஒரு குழாய் என்று 2008இல் காட்டினார்கள். இதுபோன்ற குழாய்வாசிகளிடமிருந்தே இரண்டு ஓடுகள் கொண்ட பிராக்கியோபாடு வந்திருக்க வேண்டும் என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது.

லிங்குலாவின் ஓட்டிலும் நம் எலும்பிலும் ஒரே வகைக் கனிமம் என்றால், அது நமக்கு நெருங்கிய உறவா? இல்லை. 2015இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி ஆய்வு, பாஸ்பேட் ஓடும் முதுகெலும்பிகளின் எலும்பும் தனித்தனியே உருவானவை என்கிறது. லிங்குலா மாறவே இல்லை என்ற பாடப்புத்தகப் பெருமையும் கொஞ்சம் மிகைதான். வெளித்தோற்றம் பழையது, மரபணுக்கள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன.

இந்தியாவில் கேம்பிரியன் பிராக்கியோபாடுகளுக்கு இமயமலையின் ஸ்பிதிக்குப் போக வேண்டும். அங்குள்ள புதைபடிவங்களைப் பற்றி ரீட் என்ற ஆய்வாளர் 1910இலேயே எழுதிவிட்டார். அரியலூர், திருச்சி வட்டாரத்தில் கிடைப்பவை மிகப் பிந்தியவை, டைனோசர் காலத்தவை. அவற்றை 1872இல் விவரித்தவர் ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர்.

உயிருள்ள லிங்குலா? பரங்கிப்பேட்டைக் கடலில் அவை ஏராளமாகச் செத்துப்போனது பற்றி 1973இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு குறிப்பே வந்திருக்கிறது.