கதையை எங்கிருந்து தொடங்குகிறோம்?

தவக்காலம் பிறந்துவிட்டால் மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் வியாகுலப் பிரசங்கத்தின் இராகம் ஒலிக்கத் தொடங்கும். கோவாவிலிருந்து வந்து 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய நூல் அது. பேசாலையில் இதனோடு 'உடக்குப் பாஸ்' என்னும் மரபும் பேணப்பட்டு வந்தது. அங்கே சொரூபங்களே பாத்திரங்கள். அவை பேசுவதில்லை. கதையைச் சொல்லும் குரல் வெளியிலிருந்தே வரவேண்டும்.

கதையின் முடிவு கூடியிருப்போர் அனைவருக்கும் தெரியும். பாட்டனும் பாட்டியும் கேட்ட அதே கதைதான். ஆயினும் அழுகை வருகிறது. புதிதாக ஒரு செய்தியை அறிந்ததனால் அவர்கள் அழவில்லை. அறிந்த ஒன்று சொல்லப்பட்ட விதம் அவர்களை அழவைக்கிறது. தாயின் துயரினூடாகப் பாடுகளைக் கேட்கும்போது கேட்பவரும் அத்துயரின் பங்காளியாகிறார். இலக்கியத்திலும் திரைப்படத்திலும் கருப்பொருளுக்கும் எடுத்துரைப்பு முறைக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை எனலாம்.

கருப்பொருள் என்பது ஒரு படைப்பு எதைப்பற்றிப் பேசுகிறது என்பதாகும். எடுத்துரைப்பு என்பது அதனை யார் சொல்கிறார், எங்கிருந்து தொடங்குகிறார், எதை முன்வைத்து எதை விட்டுவிடுகிறார் என்பதாகும். முன்னது பழம், பின்னது தோல் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சொல்லும் முறை மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது.

சமயநூல்களிலேயே இதனைக் காணலாம். இயேசுவின் பாடுகளை நான்கு நற்செய்திகளும் கூறுகின்றன. மாற்குவில் சிலுவையில் கைவிடப்பட்டவரின் கதறல் மேலெழுகிறது. லூக்காவில் உடன் அறையப்பட்ட குற்றவாளிக்குக் கிடைக்கும் ஆறுதல் இடம்பெறுகிறது. யோவானில் தாய் சீடரிடம் ஒப்படைக்கப்படுகிறார். நிகழ்வு ஒன்றாயினும் வாசகர் மனத்தில் பதியும் முகம் வெவ்வேறானது. திருக்குர்ஆனில் யூசுப் (அலை) அவர்களின் வரலாறு 12ஆம் அத்தியாயத்தில் தொடர்ச்சியாகக் கூறப்படுகிறது. மூஸா (அலை) அவர்களின் வரலாறோ பல அத்தியாயங்களில், அந்தந்த இடத்திற்கு வேண்டிய பகுதியாக எடுத்தாளப்படுகிறது. முன்னதை ஓதுபவர் ஒரு வாழ்க்கையின் முழு ஓட்டத்தைக் காண்கிறார். பின்னதை ஓதுபவர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய படிப்பினையின் முன் நிறுத்தப்படுகிறார்.

திரைப்படம் இந்த வித்தையை விரைவாகக் கற்றுக்கொண்டது. அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' 1950இல் வெளிவந்தது. ஒரு மரணத்தைப் பலர் பலவாறு சொல்ல, எது உண்மை என்ற கேள்வியே அப்படத்தின் பொருளாகிறது. தமிழில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் பாடல்களே இல்லாமல் வந்தது. கொலையுண்டவனைப்பற்றி ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவனது உருவம் மாறிக்கொண்டே போகும். நேர்வரிசையில் சொல்லப்பட்டிருந்தால் அது இன்னொரு துப்பறியும் கதையாகவே முடிந்திருக்கும்.

நமது போரைத் தொட்ட இரு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வெளியானது. மாங்குளத்தில் ஒரு திருமணத்துடன் தொடங்கும் அக்கதை, போரிலிருந்து தப்பிப் படகேறி இராமேஸ்வரம் செல்லும் இளம் தாயைக் காட்டுகிறது. அதன்பின் சென்னைக்குத் தாவி, ஒன்பது வயதுச் சிறுமி அமுதாவின் கண்களால் உலகைப் பார்க்கிறது. தான் வளர்ப்புப் பிள்ளை என்பதை அமுதா அறியுமுன்னரே பார்வையாளர் அறிவர். ஆகவே அவளுடைய ஒவ்வொரு சிரிப்பிலும் நமக்கு ஒரு பதற்றம் இருக்கிறது. போரைப்பற்றிய வினாக்கள் அனைத்தும் 'என்னை ஏன் விட்டுச் சென்றீர்கள்' என்ற ஒரே வினாவாகச் சுருங்குகின்றன. இதனால் உணர்ச்சி கூர்மையடைகிறது. அதேவேளை, போரின் காரணங்களும் அதில் சிக்கிய ஏனைய மக்களும் பின்னணிக்குத் தள்ளப்படுகின்றனர்.

பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' 2003இல் வந்தது. காணாமற்போன விமானப்படைக் கணவனைத் தேடும் சிங்களப் பெண், விடுமுறையில் வரும் இளம் சிப்பாய், ஊரைவிட்டு வெளியேற்றப்படும் முஸ்லிம் சிறுவன் அரபாத் என மூன்று கதைகள் அதில் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. அரபாத்தின் துயரம் முழுவதும் தன் வளர்ப்பு நாயைப் பிரியவேண்டியிருப்பதில் குவிகிறது. எந்தக் கதையும் மற்றதற்கு விடையாக அமையவில்லை. மூன்றையும் இணைக்கும் வேலை பார்வையாளரிடம் விடப்படுகிறது. ஒருவரது துயரம் மற்றவரது துயரத்தை இரத்துச் செய்வதில்லை என்ற கருத்தை எந்தப் பாத்திரமும் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியம் இல்லை. படத்தொகுப்பின் ஒழுங்கே அதனைச் சொல்லிவிடுகிறது.

மன்னார்த் தீவின் மக்களுக்கு இது வெறும் கலை விமர்சனம் அன்று. 1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. தமிழ்க் குடும்பங்கள் இக்கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் சென்றன. பேசாலையில் ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் நிவாரண நிலையம் அமைந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளையினால் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம்கள் உடைமைகளை இழந்து, கடல்வழியாகக் கற்பிட்டிக்குச் சென்றனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். ஒரே தீவு, ஒரே ஆண்டு, ஒரே கடல். படகுகள் சென்ற திசைகள் மட்டுமே வேறு.

இந்த ஆண்டைச் சொல்லும் தமிழர் பெரும்பாலும் ஜூனில் தொடங்குகிறார். முஸ்லிம் ஒக்டோபரில் தொடங்குகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஜூனில் தொடங்கி ஒக்டோபருக்கு முன்னர் முடிந்துவிடும் கதையில் முஸ்லிம் அயலவருக்கு இடமில்லை. ஒக்டோபரில் மட்டும் தொடங்கும் கதையில் இராமேஸ்வரப் படகுக்கு இடமில்லை. கருப்பொருள் இரண்டிலும் இடப்பெயர்வுதான். தொடக்கப்புள்ளியே யார் மனிதர், யார் நிழல் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பத்திரிகையும் இதற்கு விலக்கல்ல. 2006 ஜூன் 17 அன்று பேசாலைக் கடலில் மோதல் நடந்தது. அதே நாளில், வெற்றிமாதா ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது கைக்குண்டு வீசப்பட்டது. ஒரு பெண் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். மக்கள் கடற்படையினரைக் குற்றஞ்சாட்டினர், படைத்தரப்பு மறுத்தது. அன்றைய செய்தியைக் கடல் மோதலில் தொடங்கி எழுதினால் ஆலயம் ஒரு பின்விளைவாகிறது. ஆலயத்தில் தொடங்கி எழுதினால் அதுவே செய்தியாகிறது. ஒரு பொய்யும் சேர்க்காமல் வாசகரின் மனத்தைத் திருப்பிவிட முடியும் என்பதைச் செய்தியாசிரியராக இருக்கும் எவரும் அறிவர். அதனாலேயே அவருக்குப் பொறுப்பு அதிகம்.

எமது பாடசாலைகளில் தமிழ் இலக்கியம் கற்பிக்கப்படும் முறையை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கவேண்டும். 'இக்கதையின் கருப்பொருள் யாது?' என்ற வினாவிற்கு இரண்டு வரி விடையை மனனம் செய்யும் மாணவர், அக்கதை ஏன் அந்த இடத்தில் தொடங்கியது, ஏன் அந்தப் பாத்திரத்திற்குக் குரல் இல்லை என்று வினவப் பழக்கப்படுவதில்லை. வினவப் பழகாத மாணவர் நாளை வாக்காளராகிறார், வாசகராகிறார். ஒரு தரப்பின் கதையை முழுக்கதையாக நம்புவது அவருக்கு எளிதாகிவிடுகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பேசாலையைச் சேர்ந்த எஸ். ஏ. உதயனின் 'லோமியா' போன்ற ஒரு நாவலையும், வெளியேற்றத்தைப்பற்றி ஒரு முஸ்லிம் படைப்பாளி எழுதிய கதையையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்து வாசிக்கலாம். ஒவ்வொரு கதையையும் அதில் பேசாத ஒருவரின் நிலையிலிருந்து மாற்றி எழுதுமாறு மாணவரைக் கேட்கலாம். பேசாலைப் பிள்ளை கற்பிட்டிப் படகில் ஏறியும், எருக்கலம்பிட்டிப் பிள்ளை இராமேஸ்வரப் படகில் ஏறியும் ஒரு பக்கம் எழுதட்டும்.

உடக்குகள் தாமாகப் பேசுவதில்லை. கடந்த காலமும் அப்படித்தான். அதற்குக் குரல் கொடுப்பவர்கள் நாம். அயலவரின் படகும் கண்ணிற்படும் இடத்திலிருந்து கதையைத் தொடங்குவோமாயின், இழந்தவற்றைப்பற்றி ஒரே திண்ணையில் அமர்ந்து பேச இரு சமூகங்களுக்கும் இடம் கிடைக்கும்.