நான்காம் குரோமோசோம் சொன்ன பொய்ச்சாட்சி

சேற்றுநீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரையையும் கோயில் கோபுரத்தில் குனுகிக்கொண்டிருக்கும் புறாவையும் பார்த்து, இரண்டும் பங்காளிகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2014 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழ் சொன்னது. 48 பறவை இனங்களின் முழு மரபணுத்தொகுதியையும் படித்து வரைந்த குலமரம் அது. தீக்கோழி வகைகளையும் கோழி, வாத்து கூட்டத்தையும் ஒதுக்கிவிட்டால், எஞ்சும் பறவைகளை ‘நியோஏவ்ஸ்’ என்பார்கள். இன்றைய பறவை இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அதற்குள் அடங்கும். அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து முதலில் பிரிந்த கிளையில் பூநாரையும் புறாவும் அருகருகே உட்கார்ந்திருந்தன.

2024 ஏப்ரலில் அந்த உறவு முறிந்தது. முறித்தது புதிய புதைபடிவம் எதுவும் இல்லை. குரோமோசோமில் எப்போதோ புரண்டு படுத்த ஒரு துண்டு.

சிக்கலின் வேர் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. இன்றைய மெக்சிகோ கரையோரம் விண்கல் விழுந்து டைனோசார்கள் அழிந்த காலம். தப்பித்த சில பறவைகளின் வாரிசுகள் காலியான உலகத்தில் மளமளவென்று கிளை பிரிந்தன. இப்படி அவசரமாகப் பாகம் பிரியும் குடும்பத்தில் பாட்டியின் நகைகள் தாறுமாறாகத்தான் போய்ச் சேரும். அட்டிகை ஒரு வீட்டுக்கு, ஒட்டியாணம் இன்னொரு வீட்டுக்கு. நெருங்கிய பங்காளிகளிடம் வேறு வேறு நகைகள் இருக்கும்; தூரத்து வீடுகள் இரண்டில் ஒரே மாதிரி வளையல் இருக்கும். மரபணுக்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறவைச் சொல்லும். அதனால் ஒரு நகையை நம்பாமல் ஆயிரக்கணக்கானவற்றை எண்ணிப் பார்த்துத்தான் உறவை முடிவு செய்ய வேண்டும்.

இந்த எண்ணிக்கை செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: நகைகள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. தலைமுறைதோறும் நடக்கும் இந்தக் கலப்பால்தான் பக்கத்துப் பக்கத்து மரபணுக்களுக்குக்கூட வேறு வேறு வரலாறு அமைகிறது. கலப்பே நடக்காத பூட்டிய பெட்டி ஒன்று இருந்தால்? அது அப்படியே ஒரு வீட்டுக்குப் போயிருக்கும். உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான நகைகளைத் தனித்தனி சாட்சிகளாக நாம் எண்ணுவோம். நடந்ததோ ஒரே ஒரு கைமாற்றம்.

அப்படி ஒரு பெட்டி, கோழியின் நான்காம் குரோமோசோமுக்கு இணையான இடத்தில் சிக்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தைச் சேர்ந்த சியாவஷ் மிராராப், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் பிரான் உள்ளிட்டோர் மரபணு மரபணுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பூநாரை–புறா உறவை அடித்துச் சொன்னவை எல்லாம் 2 கோடியே 10 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரே துண்டில் குவிந்திருந்தன. பறவையின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 100 கோடி எழுத்து. அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இது. மற்ற இடங்களில் சில ஆயிரம் எழுத்துக்கு ஒருமுறை சாட்சியம் மாறிக்கொண்டே போக, இங்கே மட்டும் அத்தனையும் ஒரே குரல். இவ்வளவு ஒற்றுமையே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று.

மூதாதைப் பறவைகளில் அந்தத் துண்டு இடம் புரண்டிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அறுந்த துண்டு தலைகீழாக ஒட்டிக்கொண்டால், புரண்டதும் புரளாததும் ஒழுங்காகச் சேர்ந்து கலக்க முடியாது. அவ்வளவுதான், பெட்டி பூட்டப்பட்டுவிட்டது. இரண்டு வடிவங்களும் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஒரே கூட்டத்தில் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன. பிறகு பூநாரைக்கும் புறாவுக்கும் ஒரு வடிவமும் மற்றவற்றுக்கு இன்னொன்றும் தங்கிவிட்டன.

கட்டுக்கதைபோலத் தோன்றினால், குளிர்காலத்தில் நம் சதுப்புநிலங்களுக்கு வரும் பேதை உள்ளானைப் பாருங்கள். இங்கே சாதாரணப் பழுப்புப் பறவை. வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கக் காலத்தில் இதன் ஆண்களில் மூன்று ரகம் தெரியும்: அடர்நிறக் கழுத்துச் சிறகுகளோடு களம் பிடித்துச் சண்டை போடுபவை, வெள்ளைச் சிறகோடு அவற்றை அண்டி நிற்பவை, பெட்டைபோலவே வேடம் போட்டுத் திரிபவை. இந்த வேறுபாடு முழுவதும் பதினோராம் குரோமோசோமில் சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புரண்ட ஒரு துண்டிலிருந்து வருகிறது. அதில் அடங்கிய மரபணுக்கள் சுமார் 125. புரண்ட துண்டைத் தாயிடமும் தந்தையிடமும் ஒருங்கே பெற்ற குஞ்சு பிழைக்காது. இருந்தும் அது இன்றுவரை அழியவில்லை.

குரோமோசோம்களின் எண்ணிக்கையும் இப்படி ஏமாற்றும். பெரும்பாலான பறவைகளுக்குச் சுமார் 80 (கோழிக்கு 78, வான்கோழிக்கு 80). பொரி வல்லூறுக்கு 50தான். குறுங்குரோமோசோம்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் விளைவு அது. பருந்துக் குடும்பத்திலும் இப்படி ஒட்டல் நடந்திருக்கிறது, ஆனால் தனியாக. வல்லூறுக்கு நெருங்கிய உறவு பருந்து இல்லை, கிளி!

2014 ஆய்வைக் கேலி செய்வது நியாயம் இல்லை என்று எனக்குப் படுகிறது. 48 இனங்கள் அன்று பெரிய எண்ணிக்கை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் யோசஃபின் ஸ்டில்லர் தலைமையில் 2024இல் வந்த மரத்தில் 363 இனங்கள், 218 குடும்பங்கள். அதில் பூநாரைக் கிளை தனியாக முதலில் பிரிகிறது. உடன் போவது, இரு மரங்களிலும் அதைவிட்டுப் பிரியாத முக்குளிப்பான் – குளத்தில் தலைகீழாக மூழ்கும் அதே குட்டிப் பறவை. புறாவுக்கோ புது உறவுக்காரர்கள் வாய்த்திருக்கிறார்கள்: குயிலும் கானமயிலும்.