குளிரில் இறுகாத ரப்பர்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் மாட்டாமல் காரைச் சாலையில் இறக்கக் கூடாது. 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. பனி கொட்டும் ஊரில் இது நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் பனியே விழாத நாளில், காய்ந்த தார்ச்சாலையிலும் இந்த டயருக்கு வேலை இருக்கிறது.

டயர் ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெளிந்து பின்னிக் கிடக்கும் கூட்டம். வெப்பம் அந்தச் சங்கிலிகளை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ரப்பர் சாலையின் சொரசொரப்பில் அமுங்கி அதைப் பற்றிக்கொள்கிறது. குளிரக் குளிர அசைவு மந்தமாகிறது. ஒரு கட்டத்தில் ரப்பர் கண்ணாடியாகவே விறைத்துவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த எல்லை மைனஸ் 70 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அவ்வளவு குளிர் எந்த ஊரில் அடிக்கிறது, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். பிரேக் பிடிக்கும்போது சாலையின் பொடிக்கற்கள் ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை குத்திவிடுகின்றன. அந்த வேகத்துக்குச் சங்கிலிகள் வளைந்துகொடுக்க நேரம் போதாது. எனவே கண்ணாடியாக விறைக்கும் எல்லைக்கு வெகு முன்பே, சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதுமே கோடைக்கால டயர் பிடியை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரில் வேறு பாலிமர்களும் சிலிக்காவும் சேர்ந்து அந்த இளக்கத்தைக் காக்கின்றன. அதே டயரைக் கோடையில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

பனியில் பிடி கிடைக்கும் விதம் இன்னும் வியப்பானது. கையில் அள்ளி இறுக்கிய பனி கட்டிப்படுவதுபோல, டயரின் ஆழமான பள்ளங்களுக்குள் பனி திணிந்து இறுகுகிறது. அந்தப் பனி சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே பள்ளத்தில் பனி அடைத்துக்கொண்டிருப்பது குறையல்ல, அதுதான் பலம். பின்லாந்தின் நோக்கியா நகரத்தில் இயங்கிய ரப்பர் தொழிற்சாலைதான் 1934இல் பனிச்சாலைக்கென்றே லாரி டயர் செய்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் காருக்கும் வந்துவிட்டது.

பனிக்கட்டி வேறு கதை. பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் அதன் மேற்பரப்பில் நீர்போன்ற மெல்லிய படலம் இருக்கிறது. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க அது தடிக்கிறது. கடுங்குளிரைவிட இளங்குளிரில் சாலை அதிகம் வழுக்குவது இதனால்தான். டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் கத்தியால் கீறியதுபோல் நெளிநெளியாக வெட்டுகள் இருக்கும். கட்டை தரையில் படும்போது வெட்டுகள் விரிந்து, அவற்றின் விளிம்புகள் அந்தப் படலத்தை வழித்துத் தள்ளுகின்றன. பிரேக் அழுத்தம் கூடினால் நெளிவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், கட்டை சாய்ந்துவிடாது.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துத் தரப்படுவது. எம்+எஸ் என்ற எழுத்துகளுக்குச் சோதனை எதுவும் தேவையில்லை. நான்கு டயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னால் மட்டும் மாற்றினால் வளைவில் பின்பக்கம் பறித்துக்கொண்டு போகும்.

குளிர்கால டயரைத் தனி ரிம்மில் நிரந்தரமாக மாட்டி வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்கு இருமுறை டயரை ரிம்மிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை. இங்கே கணக்கு மில்லிமீட்டரில். 225/45ஆர்17 டயர் ஓடும் காருக்கு 205/55ஆர்16 பெரும்பாலும் பொருந்தும். இரண்டின் விட்டமும் 634, 632 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. ஒடுங்கிய டயர் பனியை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. 16 அங்குல ரிம்முக்குள் பிரேக் காலிப்பர் அடங்குமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு காரின் ரிம்மை வாங்குவதானால் இன்னும் கவனம் வேண்டும். ஹோண்டா அக்கார்டுக்கும் டொயோட்டா கேம்ரிக்கும் ஐந்து போல்ட்கள், அவை அமைந்த வட்டமும் ஒரே 114.3 மில்லிமீட்டர். ஆனாலும் கேம்ரி ரிம் அக்கார்டில் ஏறாது. ரிம்மின் நடுத்துளை 60.1, அக்கார்டின் ஹப் 64.1. நான்கு மில்லிமீட்டர் தடுத்துவிடுகிறது. அக்கார்டு ரிம்மைக் கேம்ரியில் மாட்டினால் ஏறும், ஆனால் நடுவில் இடைவெளி இருக்கும்; அதை நிரப்பும் வளையம் போடாவிட்டால் சக்கரம் மையம் பிசகி ஸ்டியரிங் நடுங்கும். நட்டிலும் கவனம் வேண்டும். ஹோண்டா நட்டின் அடி உருண்டையானது. வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டைக் கேட்கும். மாற்றிப் போட்டால் இரண்டும் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓட நட் தளரும். எந்த நட்டானாலும் முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.