முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் ஏன் இளகுகிறது?

கனகசெட்டிக்குளமானாலும் காஞ்சிபுரமானாலும், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு முதலில் ஊட்டும் உணவுகளில் கேழ்வரகுக் கூழும் ஒன்று. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வடிகட்டிக் காய்ச்சுவார்கள். சாதா மாவிலேயே காய்ச்சினால் என்ன?

சாதா மாவின் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பும். கூழ் களியாகிவிடும். இளக்கத் தண்ணீர் ஊற்றினால் சத்து நீர்த்துப்போகும். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒருவேளைக்குக் கொள்வதே சுமார் 200 மில்லிதான்; அதைத் தண்ணீரால் நிரப்பி என்ன பயன்?

முளைக்கும் தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது வெட்டிவிடுவதால், கூடுதல் மாவு போட்டாலும் கூழ் இளகியே இருக்கும். பச்சிளம் கணையம் இந்த நொதியைக் குறைவாகவே சுரக்கும் என்பதால், செரிமான வேலையில் பாதி அடுப்பிலேயே முடிந்துவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம். கொதி வந்தால் நொதி செயலிழக்கும். ஆகவே முதலில் சிறுதீயில் கிளற வேண்டும். பிறகு கட்டாயம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், ஈரத்தில் முளைக்கும்போது கிருமிகளும் பெருகுமே!

முளைகட்டுவதில் இன்னொரு லாபம்: இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். ஆனாலும் கேழ்வரகை மட்டுமே நம்புவது தவறு. பருப்பு, முட்டை, முள் நீக்கி மசித்த மீன், கீரை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

இனிப்புக்குத் தேன் மட்டும் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம்.