காணொளி வழி இறகுப்பந்துப் பயிற்சி

காணொளி வழி இறகுப்பந்துப் பயிற்சி என்பது, பயிற்றுநர் நேரில் இல்லாத இடத்தில், பயிற்சிக்கென்று எடுக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்து இறகுப்பந்தாட்டத்தைக் கற்கும் முறை ஆகும். பேச்சு வழக்கில் பேட்மிண்டன், ஷட்டில் என்று சொல்லப்படுவது இந்த விளையாட்டே. கம்பளி நூல் பந்தைக் கொண்டு அணிக்கு ஐந்து பேராக ஆடப்படும் பூப்பந்தாட்டம் வேறு. தமிழில் காணொளி தேடுவோர் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

மட்டையும் வலையும் சமதளமான ஓர் இடமும் பல ஊர்களில் கிடைத்துவிடுகின்றன, பயிற்றுநர் கிடைப்பதில்லை. அந்தக் குறையைக் காணொளி ஓரளவு நிரப்புகிறது. ஆனால் அதற்கு ஓர் அடிப்படை வரம்பு உண்டு. சரியான ஆட்டம் எது என்பதைக் காணொளி காட்டும். கற்பவர் எப்படி ஆடுகிறார் என்பதை அது பார்க்காது. பிழையைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் செய்யும் பயிற்சி, பிழையையே பழக்கமாக்கிவிடும். எனவே இம்முறையில் கற்பவர், பயிற்றுநரின் கண்ணுக்கு ஈடான ஓர் ஏற்பாட்டைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.

பார்த்துக் கற்றல்

பிறரைப் பார்த்துக் கற்பதில் நான்கு படிகள் உள்ளன என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா (1925–2021) விளக்கினார். இறகுப்பந்துக்கு அவற்றைப் பொருத்திப் பார்த்தால் காணொளியின் பலமும் பலவீனமும் தெளிவாகும்.

• கவனித்தல்: இதில் காணொளி நேர்ப் பயிற்சியைவிடவும் உதவக்கூடும். 2023இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. வேகம் என்று கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அந்த அளவு வேகம் இல்லாத சாதாரண அடியிலும் மட்டையின் திருப்பத்தை வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் தெரியும்.
• மனத்தில் இருத்துதல்: எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். காணொளி சலித்துக்கொள்வதில்லை.
• செய்துபார்த்தல்: இங்கேதான் காணொளி கைவிடுகிறது. கற்பவர் தம் முழங்கை உயர்ந்திருப்பதாக நினைப்பார். உண்மையில் அது தாழ்ந்திருக்கும். சொல்ல ஆளிருக்காது.
• ஊக்கம்: தொடக்கத்தில் ஆர்வம் மிகுதியாக இருக்கும். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாதபோது அது குறையும். பதிவு வைத்துக்கொள்வது இதற்கு மருந்து.

காணொளியைத் தேர்ந்தெடுத்தல்

போட்டிக் காணொளியும் பயிற்சிக் காணொளியும் ஒன்றல்ல. பி. வி. சிந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ரசிக்கலாம், இடம் பிடிக்கும் உத்தியை உணரலாம். ஆனால் தொடக்க நிலையில் அதைப் பார்த்து அடிக்கப் பழக முடியாது. ஒரே அசைவை எடுத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்தும் பின்புறமிருந்தும் மெதுவாகக் காட்டி, செய்யக்கூடாததையும் சேர்த்துக் காட்டும் காணொளியே பாடத்துக்கு உகந்தது.

காணொளி எடுக்கப்பட்ட ஆண்டையும் பார்க்க வேண்டும். அடிக்கும் முறைகள் பெரிதும் மாறவில்லை என்றாலும் விதிகள் மாறியுள்ளன. 2006க்கு முந்தைய பதிவுகளில், சர்வீஸ் போட்டவர் மட்டுமே புள்ளி பெறும் பழைய முறையைக் காணலாம். அந்த ஆண்டில்தான் ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. அதுபோல, சர்வீஸ் அடிக்கும்போது இறகுப்பந்து இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2018 முதல் பன்னாட்டுப் போட்டிகளில், தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிலையான அளவு வந்தது.

இடம் வலம் குழப்பம் இன்னொன்று. உடற்கல்வி ஆசிரியர் மாணவர்களைப் பார்த்து நின்று செய்துகாட்டும்போது, அவர் வலக்கையைத் தூக்கினால் சிறுவர்கள் இடக்கையைத் தூக்குவார்கள். திரையில் பயிற்றுநர் நேர் எதிரே நின்றாலும் இதுவே நடக்கும். பயிற்றுநரின் முதுகுப்புறம் தெரியும் காட்சியைப் பின்பற்றினால் இக்குழப்பம் இராது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும் வசதியைப் பயன்படுத்தினால் வலக்கை வீரரின் அசைவை அப்படியே பின்பற்றலாம்.

கற்கும் வரிசை

காணொளித் தளங்களில் அதிகம் ஈர்ப்பது ஸ்மாஷ். அதைத்தான் பலர் முதலில் பழகுகிறார்கள். பயிற்றுநர்கள் பின்பற்றும் வரிசை வேறு.

பிடி: மட்டையைக் கைகுலுக்குவதுபோல் பிடிப்பது அடிப்படைப் பிடி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஆங்கில ‘வி’ எழுத்துப் போன்ற வடிவம் தெரியும். பின்கை அடிக்குக் கட்டை விரலைப் பிடியின் அகன்ற பக்கத்தில் வைத்து அழுத்த வேண்டும். தானாகப் பழகுவோர் பெரும்பாலும் தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல, மட்டையின் முகம் நேரே வலையைப் பார்க்குமாறு பிடிக்கிறார்கள். முதல் வாரத்தில் இந்தப் பிடியில் அடிப்பது எளிதாகவே இருக்கும். இறகுப்பந்தும் வலையைத் தாண்டிப் போகும். அதனால் பிழை தெரியாது. தலைக்கு மேல் அடிக்கும் அடிகளுக்குச் சென்ற பிறகே கை திரும்பாமல் தடைபடுவது புரியும். அதற்குள் பழக்கம் ஊறியிருக்கும். காணொளி வழிக் கற்றலில் மிகுதியாகக் காணப்படும் பிழை இது. பிடியை இறுக்கமாக அல்லாமல் தளர்வாக வைத்து, அடிக்கும் நொடியில் மட்டும் விரல்களால் இறுக்க வேண்டும்.

கால் அசைவு: ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய பரப்பு 6.70 மீ. நீளமும் 5.18 மீ. அகலமும் கொண்டது. கை வேலையால் மட்டும் இதைக் காக்க முடியாது. எதிராளி அடிக்கும் நேரத்தில் இரு கால்களையும் சற்று அகட்டி இலேசாகத் துள்ளி நிற்றல், மூலைக்குச் செல்லுதல், அடித்தல், நடுவிடத்துக்கு மீளுதல் என்பதே சுற்று. இதை இறகுப்பந்து இல்லாமலேயே பழகலாம். நிழல் பயிற்சி என்று இதைச் சொல்வார்கள். வீட்டு மொட்டை மாடியில்கூடச் சுண்ணக்கட்டியால் ஆறு புள்ளிகள் போட்டுப் பழக முடியும்.

சர்வீஸ்: யாருடைய அடிக்கும் பதிலாக அல்லாமல், ஆடுபவர் தாமே தொடங்கும் ஒரே அடி இது. ஆகவே தனியாகக் காணொளி பார்த்துப் பழக மிகவும் ஏற்றது. வலையின் நடு உயரம் 1.524 மீ.; அதற்குச் சற்று மேலே ஒரு கயிறு கட்டி, இரண்டுக்கும் இடையே இறகுப்பந்தைச் செலுத்திப் பழகலாம்.

மேலடிகள்: கிளியர், டிராப், ஸ்மாஷ் ஆகிய மூன்றுக்கும் தயார் நிலை ஒன்றே. உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கையை உயர்த்தி, இறகுப்பந்தைத் தலைக்கு மேலே சற்று முன்னால் சந்திக்க வேண்டும். மணிக்கட்டை வெட்டி அடிக்குமாறு பல காணொளிகள் சொல்கின்றன. உண்மையில் விசையின் பெரும்பகுதி கை சுழல்வதிலிருந்து வருகிறது. பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல முன்கை உட்புறமாகச் சுழல வேண்டும். மணிக்கட்டை மட்டும் மடக்கி அடிப்பவர்களுக்கு வலி வரும், வேகம் வராது. இம்மூன்றில் கிளியரை முதலில் பழகினால் மற்ற இரண்டும் எளிதாகும்.

தன்னைப் பதிவு செய்தல்

பயிற்றுநரின் கண்ணுக்கு ஈடாகக் கைபேசிக் கேமராவைப் பயன்படுத்தலாம். ஒரு சுற்றுப் பயிற்சி பின்வருமாறு அமையலாம்.

1. காணொளியில் ஒரே ஓர் அசைவைத் தேர்ந்து, முதலில் இயல்பான வேகத்திலும் பிறகு குறைந்த வேகத்திலும் பார்த்தல்.
2. அதில் கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுதல். எடுத்துக்காட்டு: ‘அடிக்கும்போது முழங்கை தோளுக்கு மேலே’.
3. அந்தக் காணொளி எடுக்கப்பட்ட அதே கோணத்தில் கைபேசியை நிறுத்தி, 10 அடிகளைப் பதிவு செய்தல்.
4. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்து, எழுதிய ஒன்று மட்டும் எத்தனை அடிகளில் சரியாக வந்தது என்று எண்ணுதல்.
5. அந்த எண்ணைத் தேதியுடன் குறித்து வைத்தல்.

கைபேசியை ஒருவர் கையில் பிடிப்பதைவிட, இடுப்பு உயரத்தில் அசையாமல் வைப்பது நல்லது. அடியைப் பார்க்கப் பக்கவாட்டுக் கோணமும், கால் அசைவைப் பார்க்க ஆடுகளத்தின் பின்புறக் கோணமும் பொருந்தும். முன்பக்கக் கேமராவைத் தவிர்க்கலாம். சில கைபேசிகளில் அது இடம் வலம் மாற்றிப் பதிவு செய்யும். ஒரே நாளில் பல பிழைகளைத் திருத்த முயன்றால் எதுவும் திருந்தாது.

காணொளியால் தர முடியாதவை

எதிராளி எங்கே அடிப்பார் என்று ஊகிப்பதும், அதற்கேற்பத் தம் அடியைத் தேர்ந்தெடுப்பதும் ஆடி ஆடியே வரும். பல வகை ஆட்டக்காரர்களுடன் ஆடாமல் காணொளி மட்டும் பார்ப்பவர், அழகாக அடிப்பார், புள்ளி எடுக்கமாட்டார்.

திறந்தவெளியில் பழகுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காணொளிகள் பெரும்பாலும் உள்ளரங்கில் எடுக்கப்பட்டவை. 16 இறகுகள் கொண்ட இறகுப்பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். சிறு காற்றும் அதைத் திசை மாற்றும். காற்றால் தவறிய அடியைத் தம் பிழை என்று நினைத்து முறையை மாற்றிக்கொள்பவர் உண்டு. காற்று அடங்கிய அதிகாலையில் பழகுவதும், நைலான் இறகுப்பந்தைப் பயன்படுத்துவதும் ஓரளவு உதவும். நைலான் இறகுப்பந்தின் தலைப்பகுதிப் பட்டை பொதுவாகப் பச்சை, நீலம், சிவப்பு நிறங்களில் இருக்கும். அவை முறையே மெதுவான, நடுத்தரமான, வேகமான வகைகள். வெப்பமான இடங்களில் இறகுப்பந்து விரைவாகப் பறக்கும் என்பதால் பச்சை ஏற்றது.

காயம் தவிர்த்தல்

நேர்ப் பயிற்சியில் ‘போதும், உட்கார்’ என்று சொல்ல ஒருவர் இருப்பார். காணொளியில் அது இல்லை.

• ஆடுவதற்கு முன் சில நிமிடங்கள் மெல்லோட்டமும் கை கால் சுழற்சியும் தேவை.
• முன்னோக்கிப் பாய்ந்து கால் வைக்கும்போது குதிகால் முதலில் ஊன்ற வேண்டும்; முழங்கால் உட்புறம் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே மடங்க வேண்டும்.
• நடுவயதில் புதிதாகத் தொடங்குவோருக்குக் குதிகால் தசைநாண் அறுபடும் ஆபத்து உண்டு. முதல் மாதங்களில் தாவி அடிக்கும் ஸ்மாஷைத் தவிர்ப்பது நல்லது.
• இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர், பின்னால் அடிக்கும் இணையாளரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இறகுப்பந்தின் தலை கண்குழிக்குள் பொருந்தும் அளவுக்குச் சிறியது. கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.
• தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றில் ஒரே இடத்தில் வலி தொடர்ந்தால், காணொளியில் தீர்வு தேடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பள்ளிகளில்

உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு ‘ஷட்டில் டைம்’ என்ற பெயரில் பள்ளிகளுக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது. 5 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட 22 பாடத் திட்டங்களும், அவற்றுக்கான குறுங்காணொளிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இறகுப்பந்து ஆடிப் பழகாத ஆசிரியரும் வகுப்பு நடத்த முடிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். இங்கு காணொளி நேரே மாணவரிடம் செல்வதில்லை. ஆசிரியர் பார்த்துக்கொண்டு வந்து வகுப்பில் செய்யவைக்கிறார். ஆட்டத்தில் தேர்ந்தவராக இல்லாவிட்டாலும் பார்க்கும் கண் ஒன்று அங்கே இருக்கிறது.

40 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒருவரால் எல்லாரையும் பார்க்க முடியாது. மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் அடிக்கும்போது மற்றவர் ஒரே ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுமாறு செய்யலாம்: ‘பிடி சரியா?’ அல்லது ‘முழங்கை மேலே இருந்ததா?’. பத்து வயதுச் சிறுவரும் இதைச் சரியாகச் சொல்லிவிடுவர். கைபேசி இல்லாத இடத்திலும் இந்த முறை நடக்கும். அடுத்தவரின் பிடியைக் கவனித்துத் திருத்துபவர், தம் பிடியையும் திருத்திக்கொள்வார்.

ஆண்டுக்கு ஓரிரு முறையாவது மாவட்டத் தலைநகரிலோ கோடைப் பயிற்சி முகாமிலோ பயிற்றுநர் ஒருவரிடம் ஆடிக்காட்டுவது நல்லது. அப்போது எடுத்து வைத்த பதிவுகளையும் உடன் கொண்டு சென்றால், அதுவரை கண்ணில் படாத பிழைகளை அவர் எளிதில் கண்டு சொல்வார்.